கோயில் வழியா, பீலி வழியா?

பிள்ளைகளை ஏமாற்றுவதில் நான் கெட்டிக்காரி. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் பதினாறு வருஷம் ஆயம்மாவாக இருந்தவள் நான். தாய்மார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்க இடையில் ஒருமுறை ஓடிவருவார்கள். மற்றபடி அந்திவரை முப்பது நாற்பது உருப்படிகளும் என் பொறுப்பு. அடிக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அடிக்காமல் அத்தனை பேரை மேய்க்க, ஏமாற்றுவதைத் தவிர வேறு வழி இருந்தால் யாராவது வந்து சொல்லட்டும்.

மாதத்தில் ஒரு நாள் வயிற்றுப் பூச்சி மருந்து நாள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் ஐயா பெரிய போத்தலைத் தூக்கிக்கொண்டு வருவார். படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர் இல்லை, மருந்து கலந்து கொடுக்கிறவர்தான். ஆனாலும் அவரை விட்டால் எங்களுக்குப் பதுளை ஆஸ்பத்திரிதான், அதற்கு லொறி கிடைக்க வேண்டும். போத்தலைக் கண்டதும் மடுவமே அலறும். ஒருத்தியின் கையைப் பிடித்தால் இன்னொருவன் ஜன்னலில் ஏறுவான். மூக்கைப் பிடித்து ஊற்றினால் பாதி என் சேலையில். டொக்டர் ஐயாவின் கட்டைவிரலில் எந்த மாதம் பார்த்தாலும் நாலு பல்தடம் இருக்கும். மனுஷர் பாவம், ஊசி போடுகிற கை அது.

நான் சேர்ந்து நாலைந்து மாதத்தில் ஒரு காரியம் செய்தேன். மடுவத்தில் இரண்டு வகைக் கோப்பைகள் இருந்தன. ஒன்று அலுமினியம். மற்றது வெள்ளைப் பூச்சுப் பூசி நீல விளிம்பு வைத்த தகரம். "மருந்து குடிக்கிறியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இரண்டு கோப்பைகளையும் பிள்ளையின் முன்னால் பிடித்து, "எதுல வேணும்?" என்று கேட்டேன். பிள்ளை யோசித்தது. யோசிக்கிற பிள்ளை அழாது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். நீலத்தைத் தொட்டது. நீலத்தில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது, ஆனால் தான் கேட்டு வாங்கியது என்பதால் யாரையும் குறை சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டது.

குடிக்கிறாயா என்ற கேள்விக்கு மாட்டேன் என்று ஒரு பதில் உண்டு. எந்தக் கோப்பை என்ற கேள்விக்குள் அந்தப் பதில் கிடையாது. இவ்வளவுதான் வித்தை.

டொக்டர் ஐயா தன் விரலைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். "என்ன புள்ள, மந்திரம் கிந்திரம் போட்டியா?" என்றார்.

"மந்திரம் இல்லீங்க ஐயா. கோப்பதான்" என்றேன்.

புது விளக்குமாறு நன்றாகப் பெருக்கும் என்பார்கள். கோப்பை வித்தையும் இரண்டு மூன்று மாதம் நன்றாகப் பெருக்கியது. அப்புறம் பிள்ளைகளுக்கு நீலக் கோப்பையைக் கண்டாலே வாய் கோணத் தொடங்கிவிட்டது. வேறு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போய் உடைந்த வெண்கட்டித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, மடுவத்துச் சீமெந்துத் தரையில் ஓர் ஆட்டம் வரைந்தேன்.

வாசலில் ஒரு கட்டம் போட்டு அதற்கு, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளின் பேரையே, லயம் என்று வைத்தேன். மூலையில் மருந்துப் போத்தல் வைக்கிற வாங்குப் பலகை இருந்தது, அதுதான் கடைசிக் கட்டம். நடுவில் எங்கள் தோட்டத்தையே வரைந்தேன். லயத்தை விட்டுப் புறப்பட்டதும் வழி இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் கோயில் வழி, மறுபக்கம் பீலி வழி. பீலி என்றால் மலைத் தண்ணீரைத் தகரம் வைத்து விழவைத்திருக்கிற இடம், குளிப்பதும் துணி துவைப்பதும் ஊர் வம்பு பேசுவதும் அங்கேதான். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி ஒரு பிரிவு வரும், தேயிலை ஸ்டோர் பக்கமாகவா குறுக்குப் பாதையாகவா என்று. எந்த வழி என்று ஆடுகிற பிள்ளைதான் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன். வாயைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

முதல் மாதம் ஒரு பிழை செய்துவிட்டேன். இடம் போதாமல் கோயில் வழியில் மூன்று கட்டம் குறைந்துபோனது. பிள்ளைகள் எண்ணத் தெரியாதவர்கள் என்று நினைத்தேன். தெரியாதுதான், ஆனால் யார் முந்திப் போகிறார்கள் என்று பார்க்கத் தெரியும். அடுத்த மாதம் அத்தனை பேரும் கோயில் வழியில் நெருக்கியடித்தார்கள். பீலி வழியில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் ஒரே வழியில் போனால் அது வழியே தவிர ஆட்டமில்லை. துடைத்துவிட்டு மறுபடி வரைந்தேன். இந்த முறை இரண்டு பக்கமும் விரல்விட்டு எண்ணி ஒன்பது ஒன்பது கட்டம்.

சமமாக்கினால் மட்டும் போதாது என்பதும் தெரியவந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் எதை எடுத்தால் என்ன என்று பிள்ளைகள் மாடு மாதிரி நடந்துபோனார்கள். அதனால் பீலி வழியில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் படாமல் எட்டி எட்டி வைக்க வேண்டும் என்றேன். கோயில் வழியில் ஒற்றைக் காலில் நொண்டி, நடுக்கட்டத்தில் நின்று இல்லாத மணியை அடித்துவிட்டுப் போக வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது. அவ்வளவுதான், ஆட்டம் சூடு பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! மடுவத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. பீலி வழியாகப் போனால் மருந்து இனிக்கும் என்று ஒரு கட்சி. கோயில் வழியாகப் போனால் அன்றைக்கு அம்மா சீக்கிரம் வருவாள் என்று இன்னொரு கட்சி. மருந்து ஒரே போத்தலிலிருந்துதான் வந்தது. அம்மா வருவது கொழுந்து நிறுத்து முடிந்த பிறகுதான், அதைத் தீர்மானிக்கிறவர் கணக்கப்பிள்ளை. ஆனாலும் சண்டை போட்டார்கள், ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். போன மாதம் நான் பீலி வழியை எடுத்தது நல்லதாய்ப் போச்சு என்று பெரிய மனுஷி மாதிரிப் பேசினார்கள்.

எனக்குக் கர்வம் தலைக்கேறியிருந்தது. பொய் சொல்வானேன். ஆடுகிறவர்கள் தங்கள் கால் தங்களைக் கொண்டுபோகிறது என்று நம்பும்போது, ஆட்டத்தைக் கட்டியவளுக்கு உள்ளுக்குள் ஒரு ருசி ஏற்படும். பெரியதுரை பெரட்டுக்களத்தில் நின்று, இன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருப்பதும் அந்த ருசிதான் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குக் கீழே முப்பது பேர்தான், அதிலும் பாதிப் பேருக்குக் கால்சட்டை கிடையாது. அதனால் என்ன?

ஒரு மாதம் ஒருத்தி ஆட்டத்தைக் கெடுத்தாள். நாலு வயது இருக்கும், மூக்குச் சளி நிற்காத பிள்ளை. முதல் பிரிவு வரைக்கும் வந்தவள் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வெளாடல" என்றாள்.

"ஏன்டி?"

"எப்பிடிப் போனாலும் அங்கதான போகுது."

அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். டொக்டர் ஐயா போத்தலும் கையுமாக என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டால் என் இரண்டு வருஷத்துப் பெயர் போய்விடும். சட்டென்று அவளைத் தூக்கிப் பிரிவில் நிறுத்தி, "நீ வெளாட வேணாம். நீதான் இங்க கங்காணி. வர்றவங்ககிட்ட எந்த வழின்னு கேட்டு அனுப்பு" என்றேன். அவள் சளியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். எல்லாரையும் அதட்டி, கேட்டு, அனுப்பினாள். கடைசியில் அவளிடம் கோப்பையைக் கொடுத்தபோது மறுபேச்சில்லாமல் குடித்தாள். ஆட்டத்தில் ஓட்டையைக் கண்டவளுக்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பதவி கொடுத்துவிட வேண்டும். வெள்ளைக்காரன் இதை எங்கள் பாட்டன் காலத்திலேயே கண்டுபிடித்திருந்தான், நான் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுபிடித்தேன்.

அன்றைக்கு ஒரு பாடம் படித்தேன். எத்தனை வழி வேண்டுமானாலும் வைக்கலாம். "நான் வரல" என்கிற வழி மட்டும் யார் கண்ணிலும் படக் கூடாது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் மடுவத்தில் சேர்ந்த காலத்தை ஒட்டித்தான் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாதிருந்த தோட்டத்துச் சனங்கள் எல்லாரும் இந்தியாவா சிலோனா என்று மனுப் போட்டார்கள். விரும்பியவர் விரும்பிய பக்கம் போடலாம் என்றார்கள். லயத்துக்கு லயம் அதே பேச்சு. புருஷன் ஒரு பக்கம் பெண்டாட்டி ஒரு பக்கம் என்று சண்டைகூட நடந்தது. எந்தப் பக்கம் எத்தனை பேர் என்பதை இரண்டு அரசாங்கங்களும் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டிருந்தன என்று பிற்பாடு தெரிந்தது. அப்பா இந்தியாவுக்குப் போட்டார். காரணம் கேட்டால், பங்காளிகள் எல்லாம் அங்கேதான் போடுகிறார்கள் என்றார். அண்ணனும் அதற்கே போட்டான். எனக்குக் கல்யாணமாகியிருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், கப்பலேறமாட்டேன் என்று சிலோனுக்குப் போட்டார். நானும் அவரோடு. எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அப்பாவின் மனுவில் அம்மா பேரும் இருந்தது. மனைவியின் பேரை மனைவியிடம் கேட்டு எழுதுகிற வழக்கம் எங்கள் லயத்தில் யாருக்கும் கிடையாது.

மனு எங்கேயோ படுத்துக் கிடந்தது. வருஷங்கள் போயின. அப்பா நெஞ்சுச் சளி கண்டு பதுளை ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அவர் போய் ஏழெட்டு மாதத்தில் அம்மா பேருக்குக் கண்டியில் இருக்கிற இந்தியக் கவர்மெண்ட் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீசில் அதை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு எழுத்து வாசனை இல்லை. எனக்கு உண்டு, எட்டாம் வகுப்பு வரை. மடுவத்தில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து உடைத்துப் படித்தேன்.

மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். உமது கணவர் இறந்துவிட்டபடியால் உமது விருப்பத்தை அறிய வேண்டியிருக்கிறது. இந்தியா செல்ல விருப்பம். இந்தியா செல்ல விருப்பமில்லை, இலங்கைப் பிரஜையான பிள்ளையோடு தங்க மனுச் செய்கிறேன். இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டுப் பெருவிரல் அடையாளம் வைத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். என் தாய்க்கு அறுபது வயது இருக்கும். அவள் பிறந்ததிலிருந்து அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு அந்தியில் அண்ணனைக் கண்டு கடிதத்தைக் காட்டினேன். அம்மா அவனுடைய காம்பராவில்தான் இருந்தாள். அவன், மதினி, மூன்று பிள்ளைகள், அம்மா. ஆறு பேர், ஒரு அறை. அவனுடைய பாஸ்போர்ட் எந்த நேரமும் வரலாம் என்றிருந்தது.

"அம்மா வராட்டி புள்ளைகள யாரு பாக்குறது? அங்க போன ஒடனே நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போவணும்" என்றான்.

"அம்மாகிட்டக் கேக்கணுமே அண்ணே."

"கேட்டா அழும். அழுதா நீ ஒண்ணு சொல்லுவ, நான் ஒண்ணு சொல்லுவேன். எதுக்கு?" என்றான். பிறகு, "ஒங்கிட்டயே விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில் ஆம்பிள்ளைகளுக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் நான் செய்ததை ஏன் செய்தேன் என்று இத்தனை வருஷத்தில் பல தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பஞ்ச காலம். கூப்பனுக்கு அரிசி சுருங்கி, மாவு சுருங்கி, கடையில் காசு கொடுத்தாலும் சாமான் இல்லாத காலம். மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றோம். மடுவத்துக்கு வருகிற பிள்ளைகள் குறைந்தார்கள். ஏன் குறைந்தார்கள் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. அம்மா தன் பங்கு ரொட்டியைப் பிய்த்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பசியில்லை என்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள். அக்கரையில் சோறாவது கிடைக்கும் என்று நினைத்தேன். இது ஒரு காரணம், யாரிடமும் சொல்லக்கூடிய காரணம்.

சொல்லக் கூடாத காரணமும் ஒன்று உண்டு. கடிதத்தைப் படித்துக் காட்டினால் அம்மா இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஒன்னோட இருக்கேன்" என்றால், என் அறையில் நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியாருக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரே அடுப்பு. இடமில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டிவரும். "போறேன்" என்றால், என் தாய்க்கு மகள் பெரிதில்லை, மகன்தான் பெரிது என்று ஆகிவிடும். அந்தப் பதிலைக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அம்மா போகக் கூடாது என்று எனக்கு ஆசை இருந்தது. இருக்கச் சொல்ல வக்கில்லை. பிள்ளைகள் அழாமல் இருக்கத்தான் கேள்வியை மாற்றிக் கேட்கப் பழகியிருந்தேன். இந்த முறை நான் அழாமல் இருக்க மாற்றினேன்.

மறுநாள் மத்தியானம் அம்மாவை மடுவத்துக்கு வரச் சொன்னேன். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு விறகு பொறுக்கப் போனவள், அப்படியே வந்தாள். கணக்கப்பிள்ளையிடம் மைப்பெட்டி இரவல் வாங்கி வைத்திருந்தேன். இரண்டாவது வரியை நான் காலையிலேயே வெட்டியிருந்தேன், அளவுகோல் வைத்து, நேராக.

"என்னவாம் தாயி?" என்றாள்.

"அப்பா போயிட்டாருல்ல, அதுனால பேரு சரியான்னு கேட்டிருக்காங்க. கைநாட்டு வைக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

காகிதத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தாள். "இம்புட்டு எழுதியிருக்கானுங்களே பேரு கேக்க" என்றாள். பிறகு விரலை நீட்டினாள். விறகுப் பால் ஒட்டியிருந்த அந்த விரலை என் முந்தானையால் துடைத்து, மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்தேன். தேய்ந்துபோன ரேகை, சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை வைக்க வேண்டியிருந்தது.

கடிதத்தைத் திருப்பி அனுப்பிய அன்றிலிருந்து அம்மாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அப்போது அன்பு என்றுதான் நினைத்தேன். பாஸ்போர்ட் படம் பிடிக்கப் பதுளைக்குப் போனபோது, "பச்சச் சேலையா, அரக்குச் சேலையாம்மா?" என்று கேட்டேன். அரக்கு என்றாள். படத்தில் இரண்டும் கறுப்பாகத்தான் விழும். சாமான் கட்ட, "தகரப் பெட்டியா, தேயிலப் பெட்டியா?" என்றேன். தேயிலைப் பெட்டி என்றாள். அக்கரையில் எந்தப் பக்கம் என்பதையும் கேட்டேன். "சொந்தக்காரங்க இருக்கிற திருச்சிப் பக்கமா, இல்ல இங்க மாதிரி குளிரு மலையா? நீ சொல்றதுதான்" என்றேன். அண்ணன் மலை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தான். அம்மா இரண்டு நாள் யோசித்தாள். திருச்சி என்று சொல்லிவிட்டால், அங்கே தண்ணீர்க் கஷ்டம், காய்ச்சல் என்று சொல்லி மலைக்குத் திருப்ப நான் பேச்சைத் தயாராக வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள், பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, "ஒனக்கு எது தோது?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கு என்னம்மா? போறது நீதான?"

"அதுக்கில்ல. நீ என்னய வந்து பாக்க எது தோது?"

எனக்குக் கப்பலும் இல்லை, காசும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. எந்தப் பக்கமானாலும் நான் போய்ப் பார்க்கப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "மலைன்னா பழகின குளிரு" என்றேன். "அப்ப மலையே இருக்கட்டும்" என்றாள் அம்மா. என் தயார்ப் பேச்சு தேவைப்படவில்லை. அன்றைக்குத் துணி காயப்போடும்போது, காரியம் சுலபமாக முடிந்தது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம்.

பாஸ்போர்ட் வந்தபின் எல்லாம் மளமளவென்று நடந்தது. தோட்டத்துப் பதிவில் அவர்கள் பேரை வெட்டினார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் முறைவைத்து ஒவ்வொரு நாள் சமைத்துப் போட்டார்கள், அந்தப் பஞ்சத்திலும். அம்மா தன் அம்மியைக் கொண்டுபோக வேண்டும் என்றாள். அண்ணன் பாரம் என்றான். "அம்மிய எனக்குக் குடுக்கிறியா, மாமியாருக்குக் குடுக்கிறியாம்மா?" என்று நான் கேட்டேன். சிரித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க" என்றாள். நானும் சிரித்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போகிற நாள் காலையில் லொறியில் பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கினோம். எங்கள் தோட்டத்திலிருந்து மட்டும் நாலு குடும்பம், மற்றத் தோட்டங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. பெட்டிகளில் பேரும் ஊரும் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. கோச்சி வண்டி நின்றுகொண்டிருந்தது. இருக்கிறவர்கள் போகிறவர்களைக் கட்டிக்கொண்டு சாவு வீட்டில் அழுவது போல அழுதார்கள். என் மதினிகூட அழுதாள். அவளும் நானும் பத்து வருஷமாகச் சரியாகப் பேசியது கிடையாது.

அம்மா அழவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அண்ணன் பிள்ளைகளில் சின்னது அவள் மடியில். நான் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

பிறகு, கோபமே இல்லாத குரலில், பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வது போலச் சொன்னாள்: "போறியான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, போறேன்னுதான் தாயி சொல்லியிருப்பேன். இந்தப் புள்ளைகள விட்டுப்புட்டு நான் எங்க இருப்பேன்? ஆனா ஒருத்தரும் கேக்கல பாரு. ஒங்கப்பனும் கேக்கல. கவர்மெண்டும் கேக்கல."

கவர்மெண்ட் கேட்டிருந்தது. தமிழில், இரண்டே வரியில், அவளுக்கென்று கேட்டிருந்தது. அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கார்ட் அப்போதுதான் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்துவந்தார். வண்டி புறப்பட இன்னும் நாலைந்து நிமிஷம் இருந்தது. அம்மாவின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"தண்ணிப் போத்தலப் பையில வைக்கவா, கையில வச்சிக்கிறியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள், எப்போதும் போல.

"கையிலயே குடு" என்றாள்.